ஏடில்லாதார் எழுதிய வரலாறு: மியாவ் மக்களின் ஆடையும் அணியும்

ஆடை மானம் காப்பது. அணி அழகு சேர்ப்பது. இவ்விரண்டும் ஓர் இனத்தின் வரலாற்றையே சுமந்து வருதலும் உண்டு. அதற்குச் சான்றாவோர் சீன நாட்டின் மியாவ் மக்கள்.

சீன அரசு ஏற்றுள்ள 56 இனங்களுள் மியாவ் ஒன்று. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இவர்தம் தொகை ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம். தென்மேற்கே குய்சோ மாகாணத்து மலைகளில் இவர்கள் மிகுதி. சிங் அரசர் ஆட்சியில் 1735, 1795, 1854 ஆகிய ஆண்டுகளில் பெருங்கிளர்ச்சிகள் எழுந்து ஒடுக்கப்பட்டன. பலர் தெற்கே வியத்நாம், லாவோஸ் மலைகளுக்குக் குடிபெயர்ந்தனர்.

முற்காலத்தில் இவர்களிடையே பரவலாக வழங்கிய எழுத்து இல்லை. முன்னோர் ஆற்றைக் கடக்கையில் நூல்களை இழந்தனர் என்றும், பெண்கள் அவற்றின் செய்தியை ஆடையில் தைத்துக் காத்தனர் என்றும் கதை வழங்குகிறது. மடிப்புப் பாவாடையில் ஓடும் கோடுகளை மஞ்சளாறு என்றும் யாங்சி என்றும் காட்டுவர். கதை வரலாற்றுச் சான்றாகாது. ஆயினும் தாயகத்தை மறவாத நெஞ்சத்திற்கு அது சான்றேயாகும்.

தேன்மெழுகை உருக்கித் துணியில் கோலமிட்டு, அவுரிச் சாயத்தில் தோய்த்து, வெந்நீரில் மெழுகை நீக்குவர். மெழுகு படிந்த இடம் வெண்கோலமாய் நிற்கும். மேலாடைப் பூத்தையலில் வண்ணத்துப்பூச்சி அடிக்கடி தோன்றும். ஃபெங் மரத்தில் பிறந்த வண்ணத்துப்பூச்சித் தாய் இட்ட பன்னிரு முட்டைகளிலிருந்தே தம் முன்னோன் தோன்றினான் என்பது குய்சோவின் தென்கிழக்கு மியாவ் மரபு.

இனி, வெள்ளி. கொம்பு வடிவத் தலையணி, காறை, மார்பணி, வளை என விழாநாளில் மகளிர் பூணும் வெள்ளி பல கிலோ எடை வரும். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் சிங்ஷுய் ஆற்றின் வழியே மலைமரங்கள் கீழ்நாட்டிற்கு மிதந்து சென்றன. விலையாக வெள்ளி மேலேறி வந்தது. கட்டிகளையும் நாணயங்களையும் உருக்கித் தட்டார் அணிகளாக்கினர். நிலம் பறிபோகலாம், வீடு எரியலாம். உடலில் பூண்டது உடன்வரும். மகளுக்கெனச் சிறுகச் சிறுக வெள்ளி சேர்த்த பெற்றோரின் மனம் நமக்குப் புதிதன்று.

மியாவ் வெள்ளிவேலை, பூத்தையல், மெழுகுச்சாயம் ஆகியவற்றைச் சீன அரசு 2006இல் தேசிய மரபுச் செல்வங்களாக அறிவித்தது. எனினும் இன்று வெள்ளியின் இடத்தில் மலிவான கலப்புலோகமும், கைத்தையலின் இடத்தில் எந்திரத் தையலும் புகுந்துள்ளன. பாட்டியர் தைத்த ஆடைகள் பல விலைபோய், தைத்தவர் பெயரின்றி அயல்நாட்டுக் காட்சிசாலைகளில் தொங்குகின்றன.

ஆயினும் ஊசி ஓய்ந்துவிடவில்லை. மியாவ் இனத்தின் ஒரு கிளையினரான மோங் மக்களுள் பலர், 1975க்குப் பின் லாவோஸினின்று மேக்காங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களில் ஏதிலிகளாயினர். அங்கே போரையும் ஆறு கடந்த துயரையும் துணியில் தைத்தனர். பழங்கதையில் முன்னோர் கடந்த ஆறு, இம்முறை அவர்கள் கண்ட ஆறாயிற்று.

எங்கள் வீட்டுப் பெட்டியில் என் தாயாரின் கண்டாங்கிச் சேலை ஒன்று உள்ளது. அதன் கரைக்கு அவர் வழங்கிய பெயரை நான் கேட்டு வைக்கவில்லை. இன்று கேட்க அவர் இல்லை. ஊர்விட்டு வந்த நம் இல்லங்களில் முதியோர் இருக்கும்போதே பிள்ளைகள் கேட்டறிவார்களாக.