பெனிங்டனும் பிரின்ஸ்டனும்: மாணவர் மனத்தை அளந்த இரண்டு ஆய்வுகள்

கல்லூரி மாணவர் ஒருவர் எதை நம்புகிறார், எந்தப் பக்கம் நிற்கிறார், நெருக்கடியில் எப்படி நடந்துகொள்கிறார் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அவருடைய சொந்தக் குணமா, அவர் வந்து சேர்ந்த இடமா? ஆசிரியர் அறையில் கேட்டாலும் வீட்டுத் திண்ணையில் கேட்டாலும் முதலில் வரும் விடை குணம்தான். ‘அவன் சுபாவமே அப்படி’ என்போம். ‘நல்ல குடும்பத்துப் பிள்ளை, தப்பு செய்யாது’ என்போம்.

இந்த விடையை உரசிப் பார்த்த ஆய்வுகளில் இரண்டு, சமூக உளவியல் பாடநூல்களில் இன்றும் நிலைத்திருக்கின்றன. இரண்டும் அமெரிக்காவில் நடந்தவை. தியோடர் நியூகாம்ப் 1935 முதல் 1939 வரை வெர்மான்ட் மாநிலத்தின் பெனிங்டன் கல்லூரியில் மாணவியரின் அரசியல் கருத்துகள் மாறியதை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார். ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களின் சில நிமிட நடத்தையைச் சோதித்து, முடிவுகளை 1973இல் வெளியிட்டார்கள். தனித்தனியே படித்தால் இரண்டுமே ‘எல்லாம் சூழல்தான்’ என்று சொல்வதுபோலத் தோன்றும். அருகருகே வைத்துப் படித்தால் அந்த முடிவு போதவில்லை என்பது தெரியும். காலம் குறுகும்போது சூழல் வெல்கிறது. காலம் நீளும்போது மனிதர்கள் தங்களுக்கேற்ற சூழலைத் தேடி அமைத்துக்கொள்கிறார்கள். இரண்டு ஆய்வுகளும் சேர்ந்து சொல்லும் செய்தி இதுதான் என்பது என் துணிபு.

பெனிங்டன்: நான்கு ஆண்டுகளின் வேலை

பெனிங்டன் 1932இல் பெண்கள் கல்லூரியாகத் திறக்கப்பட்டது. ஆய்வு நடந்த காலத்தில் ஏறத்தாழ 250 மாணவியர் படித்தார்கள். கட்டணம் அதிகம் என்பதால் வந்தவர்களில் பெரும்பாலோர் செல்வக் குடும்பத்துப் பெண்கள். அந்தக் குடும்பங்களில் குடியரசுக் கட்சிப் பற்று இயல்பானது. பாடம் நடத்தியவர்களோ பொருளாதாரப் பெருமந்தத்தின் துயரத்தை நேரில் கண்டவர்கள்; அதிபர் ரூஸ்வெல்ட்டின் ‘நியூ டீல்’ திட்டங்களுக்கு ஆதரவானவர்கள். ஊரிலிருந்து ஒதுங்கிய சிறிய வளாகம் அது. மாணவியரும் ஆசிரியரும் நெருங்கிப் பழகினார்கள். வேலையின்மையும் தொழிற்சங்க உரிமையும் அங்கே அன்றாடப் பேச்சாக இருந்தன.

1936 அதிபர் தேர்தலின்போது நியூகாம்ப் எடுத்த கணக்கைப் பாருங்கள். முதலாண்டு மாணவியரில் 62 சதவீதம் பேர் குடியரசுக் கட்சியின் ஆல்ஃப் லாண்டனை விரும்பினார்கள். அவர்களுடைய பெற்றோரின் விருப்பமும் ஏறக்குறைய அதே அளவில் இருந்தது. இரண்டாம் ஆண்டில் அந்த ஆதரவு 43 சதவீதமாகக் குறைந்தது. மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவியரிடம் வெறும் 15 சதவீதம். அந்த மேல்வகுப்புகளில் 54 சதவீதம் பேர் ரூஸ்வெல்ட்டையும், 30 சதவீதம் பேர் சோஷலிஸ்ட், கம்யூனிஸ்ட் வேட்பாளர்களையும் ஆதரித்தார்கள்.

மேல்வகுப்பினர் தொடக்கத்திலேயே வேறு மாதிரியானவர்களாக இருந்திருக்கலாமே என்ற ஐயம் இங்கே எழுவது நியாயம். அதற்காகவே நியூகாம்ப் அதே மாணவியரை ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப அளந்தார். வில்லியம்ஸ், ஸ்கிட்மோர் என்ற வேறு இரண்டு கல்லூரிகளோடும் ஒப்பிட்டார். அங்கே இவ்வளவு பெரிய மாற்றம் நிகழவில்லை. ஆகவே வயது ஏறியதால் மட்டும் வந்த மாற்றமாக இதைக் கொள்ள முடியாது. பெனிங்டனுக்கென்று ஒரு பங்கு இருந்தது.

ஆனால் எல்லோரும் மாறிவிடவில்லை. ஒரே வளாகம், ஒரே ஆசிரியர்கள், ஒரே விவாதங்கள். இருந்தும் சிலர் வந்தபடியே பட்டம் பெற்றுப் போனார்கள். தனிப்பண்பு ஆய்வுக்குள் நுழையும் வாசல் இதுதான். நியூகாம்ப் மாணவியரோடு நீண்ட நேர்காணல்கள் நடத்தினார். மாறாதவர்களில் ஒரு பகுதியினர் பெற்றோரோடு இறுகப் பிணைந்திருந்தவர்கள். வீட்டாரின் மனம் நோகக்கூடாது என்பதே அவர்களுக்கு முதன்மை. வேறு சிலர் கூச்சமும் தயக்கமும் மிகுந்தவர்கள். சிறிய தோழியர் வட்டத்துக்குள் ஒடுங்கியதால் கல்லூரியின் போக்கு மாறிக்கொண்டிருப்பதையே சரியாக உணரவில்லை. மாறியவர்களில் பலரோ வீட்டுப் பிடியிலிருந்து விலகித் தன்னிச்சையாக நிற்க விரும்பியவர்கள், தலைமைப் பொறுப்பை நாடியவர்கள். கல்லூரியின் சார்பில் அனுப்பத் தகுந்தவர் யார் என்று கேட்டபோது மாணவியர் சுட்டிய பெயர்கள் பெரும்பாலும் பழமைப்பற்றைக் கைவிட்டவர்களுடையவை. மதிப்பும் புதிய கருத்தும் அந்த வளாகத்தில் கைகோத்து நடந்தன.

ஆக, ஒரு பெண்ணின் குணம் அவளுடைய அரசியலை நேராக எழுதிவிடவில்லை. யாருடைய மதிப்பை அவள் பெரிதென்று எண்ணினாள், வீட்டாருடையதா, வளாகத்தாருடையதா என்பதைக் குணம் தீர்மானித்தது. அந்தத் தேர்வின் வழியாகவே அரசியல் வந்தது.

பிரின்ஸ்டன்: சில நிமிடங்களின் சோதனை

லூக்கா நற்செய்தியில் வரும் நல்ல சமாரியன் உவமையைப் பலர் அறிவார்கள். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியில் கள்வரால் அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியனும் லேவியனும் கண்டும் காணாமல் கடந்துபோக, தாழ்வாகக் கருதப்பட்ட சமாரியன் நின்று காக்கிறான். டார்லியும் பேட்சனும் இதை ஒரு சோதனையாகவே மாற்றினார்கள்.

பங்கேற்றவர்கள் மதப்பணிக்குப் பயிற்சி பெறும் மாணவர்கள். முதலில் அவர்களுடைய இறைப்பற்றின் தன்மை கேள்வித்தாள் மூலம் அளக்கப்பட்டது. மதத்தை வேறு பயனுக்கான வழியாகக் கொள்பவரா, அதையே நிறைவாகக் கொள்பவரா, வாழ்க்கைப் பொருளைத் தேடும் ஓயாத தேடலாகக் கொள்பவரா என்று பிரித்துப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு உரை ஆற்றும்படி கேட்டார்கள். பாதிப் பேருக்கு நல்ல சமாரியன் உவமை தலைப்பு. மற்றவர்களுக்கு இறையியல் பட்டதாரிகளுக்கு ஏற்ற வேலைகள். உரையைப் பதிவுசெய்யப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போகவேண்டும். சிலரிடம் ‘நேரமாகிவிட்டது, உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள், விரைந்து போங்கள்’ என்றார்கள். சிலரிடம் ‘தயாராக இருக்கிறார்கள், போகலாம்’ என்றார்கள். இன்னும் சிலரிடம் ‘அவர்கள் தயாராகச் சில நிமிடம் ஆகும், இருந்தாலும் கிளம்புங்கள்’ என்றார்கள்.

போகும் சந்தில் ஒருவர் வாசற்படியில் தலை கவிழ்ந்து, கண் மூடிச் சரிந்து கிடந்தார். மாணவர் கடக்கும்போது இருமி முனகினார். அவர் ஆய்வாளர்கள் அமர்த்திய ஆள்.

கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்ட 40 பேரில் 16 பேர் ஏதேனும் ஒரு வகையில் உதவினார்கள். அவசரம் இல்லாதவர்களில் 63 சதவீதமும், ஓரளவு அவசரத்தில் இருந்தவர்களில் 45 சதவீதமும் உதவ, மிகுந்த அவசரத்தில் இருந்தவர்களில் 10 சதவீதம் பேரே நின்றார்கள். சமாரியன் உவமையைப் பற்றிப் பேசப் போனவர்களிலும் சிலர் கிடந்தவரைத் தாண்டி நடந்தார்கள். நிற்பாரா, நிற்கமாட்டாரா என்பதை இறைப்பற்றின் வகையைக் கொண்டு முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

இந்த ஆய்வை எடுத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. உதவ நின்றவர்களிடையே ஆய்வாளர்கள் கண்ட ஒரு வேறுபாடுதான் நம் கேள்விக்கு மிக நெருக்கமானது. மதத்தைத் தேடலாகக் கொண்டவர்கள், ‘மாத்திரை போட்டிருக்கிறேன், கொஞ்சம் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும்’ என்று கிடந்தவர் சொன்னதைக் காதில் வாங்கினார்கள். அவர் வேண்டிய அளவுக்கு உதவினார்கள். மதக் கோட்பாடுகளில் பிடிப்பு மிகுந்தவர்களோ அவர் வேண்டாம் என்றாலும் விடாமல் உள்ளே அழைத்துப்போக முனைந்தார்கள். நிற்பதை அவசரம் தீர்மானித்தது. நின்றபின் எப்படி உதவுவது என்பதில் குணம் பேசியது.

ஒப்பீடு: எங்கே ஒன்றுகின்றன, எங்கே பிரிகின்றன

முதலில் ஒற்றுமை. இரண்டு இடங்களிலும் சூழலின் விசை பெரியது. இரண்டு இடங்களிலும் தனிப்பண்பு காணாமல் போகவில்லை. பெனிங்டனில் அது யாருக்குச் செவிசாய்ப்பது என்பதைத் தீர்மானித்தது. பிரின்ஸ்டனில் எப்படி உதவுவது என்பதை. பண்பு என்பது மாணவரின் நடத்தையை முன்கூட்டி எழுதிவைத்த சாசனம் அல்ல. சூழல் வந்து தொடும்போது அதற்கு விடைசொல்லும் முறை அது.

வேறுபாடுகளில் முதலாவது அளக்கும் வழி. நியூகாம்ப் மாணவியர் தாமே சொன்ன கருத்தை அளந்தார். பிரின்ஸ்டனில் கண்ணால் கண்ட செயல் அளக்கப்பட்டது. சொல்லும் கருத்துக்கும் செய்யும் செயலுக்கும் உள்ள இடைவெளியை, உவமையைப் பற்றிப் பேசச் சென்று நிற்காமல் போனவர்கள் அப்பட்டமாகக் காட்டினார்கள். அதற்காக அவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று தீர்ப்பளிப்பது தவறு. சிலர் உரை பதிவாகும் இடத்துக்குப் பதற்றத்தோடு வந்து சேர்ந்தார்கள். காத்திருப்பவருக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், கிடப்பவர் மறுபக்கம். கடமை இரண்டாகப் பிரிந்து இழுத்ததே காரணம் என்று ஆய்வாளர்களும் கருதினார்கள்.

இரண்டாவது வேறுபாடு காரணத்தை நிறுவும் வலிமை. பிரின்ஸ்டனில் யாருக்கு அவசரம் என்பதை ஆய்வாளர்களே பிரித்துக் கொடுத்ததால், விளைவுக்கு அவசரமே காரணம் என்று துணிந்து சொல்லலாம். பெனிங்டனில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆனால் உண்மையான வாழ்க்கை இருந்தது. இரண்டுக்கும் குறைகளும் உண்டு. பெனிங்டன் மாணவியர் வசதி படைத்த ஒரு சிறு பிரிவினர். பிரின்ஸ்டனில் 40 பேர் மட்டுமே. சமாரியன் தலைப்புப் பெற்றவர்களில் 53 சதவீதமும் வேலைத் தலைப்புப் பெற்றவர்களில் 29 சதவீதமும் உதவியிருந்தும், அந்த வேறுபாட்டை உறுதிசெய்ய எண்ணிக்கை போதவில்லை. உவமைக்கு விளைவே இல்லை என்று முடிவுகட்ட இந்தத் தரவு இடம்தரவில்லை என்று உளவியலாளர் ஆந்தனி கிரீன்வால்ட் 1975இல் வாதிட்டார். அந்த வாதம் ஏற்கத்தக்கது.

மூன்றாவது வேறுபாடான காலமே மிகமிக முக்கியம். பிரின்ஸ்டன் மாணவருக்குக் கிடைத்தவை சில நிமிடங்களே. பெனிங்டன் பெண்களுக்கோ ஆயுள் முழுதும் இருந்தது. நியூகாம்பும் உடன் ஆய்வாளர்களும் 1960களில் அவர்களை மீண்டும் சந்தித்து, 1967இல் நூலாக வெளியிட்டார்கள். 1960 தேர்தலில் அவர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் ஜனநாயகக் கட்சியின் கென்னடியை ஆதரித்திருந்தார்கள். அவர்களுடைய செல்வ நிலைக்கு இது எதிர்பாராதது. டுவேன் ஆல்வினும் மற்றவர்களும் நடத்தி 1991இல் வெளியிட்ட தொடராய்விலும், 1984 தேர்தலில் குடியரசுக் கட்சியின் ரீகனுக்கு எதிராக ஜனநாயகக் கட்சியின் மாண்டேலை விரும்பியவர்கள் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தக் கருத்து நின்றது.

அது எப்படி நின்றது? கல்லூரியை விட்டபின் அவர்கள் தங்கள் கருத்தோடு ஒத்துப்போகும் கணவரையும் நண்பர்களையும் வாழ்க்கையில் சேர்த்துக்கொண்டார்கள். கல்லூரி தந்த கருத்தை, அவர்களே தேர்ந்துகொண்ட சூழல் காத்தது. அப்படித் தேர்ந்துகொள்ள முடியாமல் போனவர்களில் பலர் பழைய இடத்துக்குத் திரும்பினார்கள். சூழல் மனிதரை வனைகிறது என்பது பாதி உண்மை; மனிதர் தம் சூழலை வனைந்துகொள்கிறார் என்பது மறுபாதி. பிரின்ஸ்டன் முதல் பாதியையும் பெனிங்டனின் ஐம்பது ஆண்டுகள் இரண்டு பாதிகளையும் காட்டுகின்றன.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

மாணவரின் மனப்பான்மையை மாற்ற வேண்டுமானால் அறிவுரைக்கு முன்னால் அவர்களுடைய நேரத்தையும் தோழமையையும் பாருங்கள். கால அட்டவணையை மூச்சுமுட்ட நிரப்பிவிட்டு இரக்கத்தைப் பற்றிச் சொற்பொழிவு வைப்பதில் பொருளில்லை. நின்று உதவும் அளவுக்காவது அவர்களுக்கு நேரம் இருக்கட்டும். வகுப்பின் ஓரத்தில் ஒடுங்கியிருக்கும் மாணவரைப் ‘பிடிவாதக்காரர்’ என்று முத்திரை குத்தும் முன், அவர் யாருடைய மதிப்பை எதிர்பார்த்து வாழ்கிறார் என்று கேட்டறியுங்கள். ஒரு கல்லூரி யாரைப் பாராட்டுகிறது, யாரை முன்னிறுத்துகிறது என்பதை மாணவர்கள் கூர்ந்து கவனிக்கிறார்கள். பாடத்தைவிட அதிலிருந்து மிகுதியாகக் கற்கிறார்கள். குணம் பிறவியிலேயே முடிந்துபோன கதை என்று கைவிட எந்த ஆசிரியருக்கும் உரிமையில்லை. அந்தக் கதையின் முக்கியமான சில ஆண்டுகள் நம் கையில்தான் தரப்படுகின்றன.