நத்தார் யாருடைய நாள்?

2023 ஒக்டோபரில் கனடிய மனித உரிமைகள் ஆணைக்குழு கலந்துரையாடல் அறிக்கையொன்றை வெளியிட்டது. இந்நாட்டின் சட்டபூர்வ விடுமுறைகளில் சமயத்தோடு தொடர்புடையவை நத்தார், ஈஸ்ரர் ஆகிய கிறிஸ்தவ நாட்கள் மட்டுமே என்றும், இது ஒருவகைப் பாரபட்சம் என்றும் அது சொன்னது. அடுத்த மாதமே கியூபெக் தேசிய சட்டசபை இக்கருத்தை ஏகமனதாகக் கண்டித்தது. நத்தாரை நிறுத்தும்படி அறிக்கை எங்கும் கோரவில்லை. ஆயினும் அது கியூபெக்கின் மரபு, என்றும் இருந்துவந்த பண்பாடு என்ற வாதம் பலமாக எழுந்தது. 'என்றும்' என்ற அந்தச் சொல்லைத்தான் இங்கு விசாரிக்க வேண்டியிருக்கிறது.

1

இயேசு பிறந்த நாள் எதுவென்று சுவிசேஷங்கள் சொல்வதில்லை. டிசெம்பர் 25 உரோமில் அனுசரிக்கப்பட்டதற்கான மிகப் பழைய பதிவு கி.பி. 336க்கு உரியது. அதன் பின்னரும் இந்நாள் கேள்விக்கு இடமின்றி நிலைத்ததாகச் சொல்லமுடியாது. 1647இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் இக்கொண்டாட்டத்தை ஒழித்தது. 1659இல் மசச்சூசெற்ஸ் குடியேற்றத்தில் நத்தார் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் தண்டம். அச்சட்டம் நீங்க 1681 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்கொட்லாந்தில் டிசெம்பர் 25 பொது விடுமுறையானது 1958இல்தான். தடைசெய்தவர்கள் யாரும் புறச்சமயத்தவர் அல்லர். பக்தி மிகுந்த கிறிஸ்தவர்களே. வேதத்தில் இல்லாத நாள், குடியும் கூத்தும் நிறைந்த நாள் என்பது அவர்களது குற்றச்சாட்டு.

இந்த வரலாறு நம் ஊருக்கும் வந்தது. 'நத்தார்' என்ற நமது சொல்லே போர்த்துக்கேயரின் 'நத்தால்' என்பதிலிருந்து வந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். மாறுவேடத்தில் வந்திறங்கிய யோசேப் வாஸ் அடிகள் இரவுகளில், வீடுகளில் இரகசியமாகப் பூசை ஒப்புக்கொடுத்தார். 1689 நத்தார் இரவில் ஒல்லாந்தர் அவ்வாறு கூடியவர்களைச் சுற்றிவளைத்து முன்னூறு பேரளவில் பிடித்ததாகவும், அடியுண்டவர்களில் ஒருவர் இறந்ததாகவும் கத்தோலிக்க வரலாறுகள் கூறுகின்றன. ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தில் நத்தார் கொண்டாடுவது அரசுக்கு எதிரான செயல். இன்று கடைவீதி மின்விளக்குகளோடு மட்டும் அதைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் இதையும் நினைவிற் கொள்வது நல்லது.

2

கியூபெக்கின் கதை வேறுவிதமானது. பிரெஞ்சுக் குடியேற்ற காலத்தில் நத்தார் என்றால் நடுநிசிப் பூசை. பூசை முடிந்து வீடு திரும்பிச் சாப்பிடும் 'றெவெயோன்' விருந்து. அன்பளிப்புக்கும் உறவினர் வருகைக்கும் உரிய நாள் புதுவருடமே. அன்று காலை வீட்டின் மூத்த பிள்ளை தகப்பன் முன் முழந்தாளிட்டு, எல்லோர் சார்பிலும் ஆசீர்வாதம் கேட்கும். பிறகு 'எத்ரென்' என்ற புத்தாண்டு அன்பளிப்பு. சித்திரை வருடப்பிறப்பில் பெரியவர்கள் கையால் கைவிசேடம் வாங்கி வளர்ந்த நமக்கு இதை விளங்கிக்கொள்ள அகராதி தேவையில்லை.

நத்தார் மரம் இங்கு அந்நியம். கனடாவின் முதல் நத்தார் மரம் என்று வழமையாகச் சொல்லப்படுவது, 1781இல் சோறெல் நகரில் ஜெர்மானியத் தளபதி றீடெசெலின் மனைவி வைத்த மரம். அவர்கள் ஆங்கிலேய அரசுக்காகப் போரிட வந்தவர்கள். பிரெஞ்சு வீடுகளின் கூடத்துக்குள் மரம் நுழைய நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இதைச் சாதித்தவை பெரும்பாலும் கடைகள். 1885 முதல் 1915 வரை கியூபெக்கின் பண்டிகைக்காலம் வணிகமயமான விதத்தை ஜோன்-பிலிப் வாறன் 2006இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். புதுவருட அன்பளிப்பு ஒரு வாரம் முன்னே நகர்ந்து நத்தார் அன்பளிப்பாயிற்று. 1925இல் ஈற்றன் நிறுவனம் மொன்றியலில் நத்தார் தாத்தா ஊர்வலத்தைத் தொடங்கியது. 1947 முதல் சென் கத்தரீன் வீதியில் ஓகில்வி கடையின் கண்ணாடிக்குப் பின்னால் பொறிப்பொம்மைகள் ஆடின. 2018இல் அவை மக்கோட் அருங்காட்சியகத்துக்குப் போயின. விற்பனை உத்தியாகத் தொடங்கியது எழுபது ஆண்டுகளில் பாரம்பரியச் சொத்தாகிவிட்டது.

திருச்சபை இம்மாற்றத்தை எங்கும் விருப்போடு ஏற்கவில்லை. 1951 டிசெம்பரில் பிரான்சின் டிஜோன் நகரில், தேவாலய முன்றலில், குருமாரின் சம்மதத்தோடு நத்தார் தாத்தாவின் உருவம் எரிக்கப்பட்டது. இதைப்பற்றி எழுதிய குளோட் லெவி-ஸ்ட்றோஸ், எரித்தவர்கள் தம்மை அறியாமலே பழைய சடங்கொன்றுக்கு உயிர்கொடுத்துவிட்டார்கள் என்று காட்டினார்.

3

1960இல் தொடங்கிய 'அமைதிப் புரட்சி' பள்ளிக்கூடத்தையும் மருத்துவமனையையும் திருச்சபையின் கையிலிருந்து அரசின் கைக்கு மாற்றியது. கோயில்கள் வெறுமையாயின. நத்தார் வெறுமையாகவில்லை, புதிய பெயரொன்றைப் பெற்றது: 'பாரம்பரியம்'. சட்டசபையில் 1936இல் டியூப்ளெசி காலத்தில் மாட்டப்பட்ட சிலுவையும் இதே பெயரால் காப்பாற்றப்பட்டது. அதை அகற்றும்படி 2008இல் புஷார்-ரெய்லர் ஆணைக்குழு பரிந்துரைத்த நாளிலேயே, வைத்திருப்பதென்று சபை ஏகமனதாக முடிவுசெய்தது. 2019இல் அரச ஊழியரின் சமயச் சின்னங்களைக் கட்டுப்படுத்தும் 21ஆம் சட்டம் வந்த பிறகுதான் அது சபை மண்டபத்தை விட்டுப் போனது.

இங்கே செயற்படும் கருத்தியலைக் கவனிக்கவேண்டும். பெரும்பான்மையின் சமயம் 'பண்பாடு' என்று பெயர் மாறுகிறது. சிறுபான்மையின் பண்பாடு 'சமயம்' என்றே எஞ்சுகிறது. நத்தார் மரம் எவரையும் உறுத்தாது. தலைச்சீலை அணிந்த ஆசிரியை உறுத்துகிறார். இது நமக்குப் புதிதல்ல. இலங்கையில் 1966 முதல் 1971 வரை ஞாயிறுக்குப் பதிலாகப் போயா நாட்களே வார விடுமுறை. 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மையிடம் தந்தது. நாட்காட்டி யார் கையில் என்பது நாடு யார் கையில் என்பதன் இன்னொரு வடிவம்.

ஆனால் இரண்டையும் ஒன்றாக்கிவிடவும் கூடாது. கியூபெக் மக்கள் வட அமெரிக்க ஆங்கிலக் கடலில் ஒரு சிறுபான்மை. கரைந்துபோவோம் என்ற அவர்களது அச்சம் பொய்யானதல்ல; மொழி இழப்பின் அச்சத்தை நாமும் அறிவோம். அந்த அச்சத்துக்கு மருந்தாகப் பிறர்மேல் வைக்கப்படும் கட்டுப்பாட்டைத்தான் நாம் ஏற்கமுடியாது.

நம்மவர்க்கு நத்தாரின் பொருள் ஒன்றல்ல. றிகோ லூர்து மாதாவிடம் கிறிஸ்தவரோடு சைவரும் போகிறார்கள். மடுவுக்குப் போன பழக்கம் அது. மட்டக்களப்பாருக்கு அந்நாள் 2005இல் புனித மரியாள் பேராலயத்தில், நத்தார் நள்ளிரவுப் பூசையின்போது சுட்டுக்கொல்லப்பட்ட யோசேப் பரராஜசிங்கத்தின் நாளும்கூட. நான் வேலைசெய்யும் தொழிற்சாலையில் ஹெயிற்றியர், வியட்நாமியர், அல்ஜீரியர், தமிழர் எல்லோருக்கும் அது இயந்திரம் நிற்கும் நாள். பகல் வேலைக்காரரும் இரவு வேலைக்காரரும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் விழித்திருக்கும் நாள். தீபாவளிக்கோ பெருநாளுக்கோ அது கிடைப்பதில்லை; சம்பளத்தை இழந்துதான் எடுக்கவேண்டும்.

எனவே விவாதம் 'நத்தாரா, பாரம்பரியமா' என்பதில் நிற்பது நமக்குப் பயன்தராது. டிசெம்பர் 25ஐ யாரிடமிருந்தும் பறிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு தொழிலாளிக்கும் தான் விரும்பும் நாளில் எடுக்கக்கூடிய, சம்பளத்தோடு கூடிய ஒரு விடுமுறையைச் சட்டத்தில் சேர்க்கும்படி கேட்கலாம். தொழிற்சங்கங்களில் நம்மவர் எழுப்பவேண்டிய கோரிக்கை இது. சமயத் தலைவர்களிடம் இதை ஒப்படைத்தால் மீண்டும் 'யாருடைய நாள்' என்ற போட்டியில்தான் போய் முடியும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதவேண்டும்.