இடைச்செருகலும் நேர்வாசிப்பும்: ரியாக்ட் நேட்டிவ் செயலிகளில் லைப்ரரி இணைப்பின் வரலாறு

2019 ஜூலையில், ஃபேஸ்புக்கின் செயலிக் கட்டமைப்பான ரியாக்ட் நேட்டிவின் 0.60 பதிப்போடு வந்த அதிகாரபூர்வ அறிவிப்பு, வெளியார் லைப்ரரிகளைச் செயலியோடு இணைக்கும் வேலைக்கு ஒரு நேர்கோட்டு வரலாறு இருப்பதாகக் கொள்ளும்படி எழுதப்பட்டிருக்கிறது. கையால் இணைத்த காலம் முதல் படி. 'லிங்க்' கட்டளை அடுத்த படி. அந்தக் கட்டளையும் பெரும்பாலும் தேவைப்படாத ஆட்டோலிங்கிங் மூன்றாம் படி. பின்வந்த பயிற்சிக் குறிப்புகளும் இந்த வரிசையையே வழிமொழிகின்றன. அதே அறிவிப்பு, ஐஓஎஸ் பக்கத்தில் கோகோபாட்ஸ் என்ற லைப்ரரி மேலாளர் இயல்பிருப்பாகச் சேர்க்கப்பட்டதை வேறொரு தலைப்பின் கீழ்த் தனியாகச் சொல்கிறது. இந்தப் பிரிப்பில்தான் பிழை இருக்கிறது என்பது என் கட்சி. ஐஓஎஸ்ஸைப் பொறுத்தவரை அவை இரண்டும் ஒரே நிகழ்வு. லிங்க் கட்டளை ஆட்டோலிங்கிங்கின் முன்னோடி அன்று, கைவேலையின் கடைசி வடிவம்.

இதற்கான சான்று, 0.59 வரை புதுச் செயலி தொடங்கும் ஒவ்வொருவருக்கும் கிடைத்த வார்ப்புருவின் எக்ஸ்கோட் (ஆப்பிளின் நிரலாக்கக் கருவி) திட்டக் கோப்பிலேயே இருக்கிறது. அக்கோப்பில் ஒவ்வொரு உறுப்புக்கும் 24 இலக்கப் பதினறும அடையாள எண் உண்டு. எக்ஸ்கோட் தானே இடும் எண்ணில் முதல் 8 இலக்கங்கள் பயனர், செயல்முறை, வரிசை ஆகியவற்றைச் சுட்டும். 9 முதல் 16 வரையிலானவை 2001 ஜனவரி 1 தொட்டு ஓடிய விநாடிகள். 17, 18 இரண்டும் சுழியம். எஞ்சிய 6 கணினிக்குரியவை. நிரலர்கள் பல கோப்புகளை ஒப்பிட்டுப் பிரித்தறிந்த அமைப்பு இது, ஆப்பிளின் ஆவணம் அன்று. இதன்மேல் கட்டும் காலக்கணிப்பை அந்த அளவுக்கே நம்பலாம்.

வார்ப்புருவின் முதன்மைச் செயலிக்குரிய நேரப்பகுதியைப் பதின்ம எண்ணாக்கினால் 44,30,27,291 விநாடி வருகிறது. அதாவது 2015 ஜனவரி 15, உலகப் பொது நேரம் பிற்பகல் 3.08. ரியாக்ட் மாநாட்டில் இத்தொழில்நுட்பம் முதன்முதல் காட்டப்பட்டது அம்மாத இறுதியில். லைப்ரரிகளுக்கு வந்தால் எண்கள் மாறுகின்றன. ஆக்‌ஷன்ஷீட் திட்டம் சேர்ந்த நேரம் 44,85,75,694. அது மார்ச் 20, இரவு 8.21. மூலநிரல் வெளியானது மார்ச் 26இல். கணினிப் பகுதியும் வேறு. எனவே இது வேறொரு இயந்திரத்தில் நடந்த வேலை. ஆக்‌ஷன்ஷீட், ஜியோலொகேஷன், இமேஜ், நெட்வொர்க், வைப்ரேஷன் என்ற ஐந்து திட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக 288 விநாடிக்குள் உள்ளே வந்திருக்கின்றன. கடைசித் திட்டம் வந்த 63 விநாடியில் ஐந்தின் நிலைலைப்ரரிக் கோப்புகளும் ஒரே விநாடி முத்திரையோடு இணைப்புப் பட்டியலில் ஏறுகின்றன. முதலில் திட்டங்களை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டு, பிறகு எல்லாக் கோப்புகளையும் மொத்தமாகத் தேர்ந்து சேர்த்த ஒரு மனிதக் கையின் போக்கு இது. அந்த இயந்திரத்தின் கடிகாரம் சரியாக ஓடியதா என்பதற்குக் கோப்புக்குள் சான்றில்லை. ஆனால் 288, 63 ஆகிய இடைவெளிகளை அந்த ஐயம் தொடாது.

ஆக, ஃபேஸ்புக் தன் சொந்த லைப்ரரிகளையே வெளியார் லைப்ரரிபோலத்தான் இணைத்தது. 'லைப்ரரீஸ்' குழுவில் திட்டம், இணைப்புப் பட்டியலில் கோப்பு என்ற இந்தச் சடங்கையே பயிற்சிக் குறிப்புகள் எல்லாருக்கும் விதித்தன. ஆர்என்பிஎம் என்ற தனிக் கருவியாகத் தொடங்கி 2016இல் மையத்தோடு இணைந்த லிங்க், அதே சடங்கை அதே வரிசையில் செய்தது. திட்டக் கோப்பைத் திருத்த அது கையாண்ட நோட் தொகுப்பு ஃபோன்கேப்–கார்டோவா வட்டாரத்திலிருந்து வந்தது. இன்று அப்பாச்சி கார்டோவாவின் பராமரிப்பில் இருக்கிறது. அத்தொகுப்பு நான்காம் வகை யூயூஐடியை 24 இலக்கமாக வெட்டி அடையாள எண்ணாக்குகிறது. ஆகையால் அதன் எண்ணில் 13ஆம் இலக்கம் எப்போதும் 4. 17ஆம் இலக்கம் 8க்குக் கீழ் போகவே போகாது, எக்ஸ்கோட் சுழியம் இடும் இடம் அது. பழைய செயலி எதையேனும் திறந்து இந்த இரண்டு இடங்களைப் பார்த்தால், எந்த லைப்ரரி கையால் சேர்ந்தது, எது லிங்க் செய்த இடைச்செருகல் என்று பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

0.60இல் இந்த இடைச்செருகல் நின்றுபோனது. கோகோபாட்ஸின் பட்டியல் கோப்பான பாட்ஃபைலில் உள்ள ஓர் அழைப்பு, நிறுவப்பட்ட தொகுப்புகளைத் தேடிப் பாட் பட்டியலை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுகிறது. திட்டக் கோப்பில் லைப்ரரிவாரியாக எதுவும் எழுதப்படுவதில்லை. பாட்ஸ்பெக் என்ற கோகோபாட்ஸ் விவரக் கோப்பு இல்லாத லைப்ரரி இந்த வழியில் இணையவே இணையாது. அறிவிப்பு பிரித்துச் சொன்ன இரண்டும் ஒன்றே என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கோகோபாட்ஸ் 2011இலிருந்தே இருப்பது. ஏற்கெனவே உள்ள செயலியில் ரியாக்ட் நேட்டிவைச் சேர்ப்பவர்கள் 2015இலேயே அந்தப் பாதையில்தான் போனார்கள். வார்ப்புரு மட்டும் நான்காண்டு தனிவழி நடந்தது.

லிங்க் பிற்காலத்தில் பாட்ஃபைல் இருந்தால் அதிலும் பாட் வரியைச் சேர்த்ததே என்று கேட்கலாம். சேர்த்தது உண்மை. அப்போதும் நிறுவும் நேரத்தில் கோப்பைத் திருத்திவிட்டுப் போனது, அவ்வளவே. லைப்ரரியை நீக்கினால் வரி தானாகப் போகாது. எந்தக் கோப்பில் எழுதியது என்பது மாறியது. எழுதும் பழக்கம் மாறவில்லை.

ஆண்ட்ராய்டு பக்கத்தில் என் வாதம் இவ்வளவு உறுதியாக நிற்காது. அங்கே கிரேடில் என்ற பில்ட் கருவி தொடக்கத்திலிருந்தே இருந்தது. லிங்க் மூன்று கோப்புகளில் வரி சேர்த்தது. அவற்றுள் மெயின்அப்ளிகேஷனில் முதன்மைத் தொகுப்பின் பெயருள்ள வரியைத் தேடி அதன் பின்னால் ஒட்டியது. அந்த வரியை மாற்றியமைத்திருந்தால் ஒட்ட இடமில்லை. 0.60 அதே கிரேடிலுக்குள் அதே வேலையைப் பில்ட் நேரத்துக்கு நகர்த்தியது. இங்கே அறிவிப்பின் படிவரிசை ஏறக்குறையப் பொருந்துகிறது.

கூகுளின் செயலிக் கட்டமைப்பான ஃபிளட்டரை இந்த வரலாற்றுக் கோட்டில் எங்கே வைப்பது என்பது தீரவில்லை. அதன் ஐஓஎஸ் வார்ப்புருவின் நேரப்பகுதி 2016 மே 27ஐக் காட்டுகிறது. 2018 டிசம்பரில் வந்த 1.0 பதிப்பில், செருகுநிரல்களின் பெயர்களை ஒரு கோப்பிலிருந்து பில்ட் நேரத்தில் வாசிக்கும் முறை ஏற்கெனவே இருந்தது. ரியாக்ட் நேட்டிவ் குழு அதைப் பார்த்துச் செய்தது என்று சொல்ல முந்து தேதி ஒன்றே போதாது. இரண்டும் கோகோபாட்ஸ், கிரேடில் என்ற பொது மூலங்களிலிருந்து தனித்தனியே வந்திருக்கவும் கூடும். வார்ப்புருவின் தேதி செருகுநிரல் முறையின் தேதி ஆகாது என்பதையும் சேர்த்தே கொள்ள வேண்டும்.