கோலார் தங்கவயலுக்குத் தப்பிய விண்மீன் வெடிப்பு

1987 பிப்ரவரி 23, இந்திய நேரம் பிற்பகல் 1.05 மணிக்கு, பெரிய மெகல்லன் முகிலில் வெடித்த விண்மீனின் நியூட்ரினோக்கள் பூமியைக் கடந்தன. ஜப்பானின் கமியோகாண்டே 11, அமெரிக்காவின் ஐ.எம்.பி. 8, காகசஸ் மலையின் பக்சான் 5 என ஆய்வுக்கூடங்கள் அவற்றைப் பதிவுசெய்தன. கோலார் தங்கவயல் அந்தப் பட்டியலில் இல்லை. வருத்தம் தரும் செய்திதான். வளிமண்டல நியூட்ரினோவை 1965-இல் முதன்முதலாகக் கண்ட இடங்களுள் ஒன்று, அங்கே 2.3 கிலோமீட்டர் ஆழத்திலிருந்த சாம்பியன் ரீஃப் ஆய்வுக்கூடம்.

எண்பதுகளில் அங்கிருந்தவை புரோட்டான் சிதைவைத் தேடிய கருவிகள்: தடித்த இரும்புத் தகடுகள், இடையிடையே வாயு நிரப்பிய சதுரக் குழாய்கள். விண்மீன் நியூட்ரினோ உண்டாக்கும் பாசிட்ரானின் ஆற்றல் சொற்பம்; பெரும்பாலும் தகட்டுக்குள்ளேயே அடங்கிவிடும், குழாயை எட்டாது. எடையும் சில நூறு டன்தான். கமியோகாண்டேயில் இருந்ததோ ஆயிரக்கணக்கான டன் தண்ணீர். சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது.