லாபிஸ்னா எந்த லாபிஸ்? ஊர்ப் பெயருக்கு ஏன் குறியீடு தேவை?

ஜொகூர், சிகாமட் மாவட்டத்தில் ரயில் நிலையத்தோடு இருக்கும் சிறுநகரம் லாபிஸ். பேச்சு வழக்கில் அவ்வளவுதான். ஆனால் அரசாங்கத் தரவில் இந்தப் பெயர் ஒரே இடத்தைக் குறிப்பதில்லை. லாபிஸ் ஒரு முக்கிம். அதே பெயரில் நாடாளுமன்றத் தொகுதியும் இருக்கு, எண் பி.142. தபால்காரருக்கு லாபிஸ் என்றால் 85300. இந்த மூன்றின் எல்லைகளும் ஒன்றல்ல.

பக்கத்து ஊர் சா'ஆவைப் பாருங்க. அங்கே இருப்பவர் ஓட்டுப் போடுவது லாபிஸ் தொகுதியில். அஞ்சல் குறியீடோ 85400, முக்கிம் சா'ஆ. இந்தப் பெயரை ரூமியில் சிலர் நடுவில் ஒற்றைக் குறி போட்டு எழுதுவாங்க, சிலர் போடாமல் எழுதுவாங்க. நமக்கு ஒரே ஊர், கணினிக்கு இரண்டு. போதாததற்கு, பத்து பகாட் மாவட்டத்தில் சா'ஆ பாரு என்று இன்னொரு முக்கிம் வேற!

இதைச் சீர்செய்யத்தான் 2002-இல் தேசிய புவியியல் பெயர்கள் குழு அமைக்கப்பட்டது. நில அளவை, வரைபடத் துறையான ஜூப்பெம் இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. ஓர் இடத்துக்கு ஓர் அதிகாரப்பூர்வ எழுத்து வடிவம், கூடவே ஒரு குறியீடு. ஜொகூரின் பெயரை ஆங்கிலத்தில் கடைசியில் 'இ' சேர்த்து எழுதிய காலம் உண்டு. எப்படி எழுதினாலும் மாநிலக் குறியீடு 01தான். நில லாட் ஒன்றின் அடையாள எண்ணும் இப்படித்தான் தொடங்கும்: மாநிலம், மாவட்டம், முக்கிம், பிறகு லாட்.

இது வெறும் ஆபீஸ் வேலை இல்லை. 2011 ஜனவரி 30, லாபிஸ் தொகுதிக்குள் இருக்கும் தெனாங்கில் இடைத்தேர்தல். அதே நாளில் வெள்ளம். வாக்காளர் பட்டியல் தொகுதிவாரியாக இருக்கும், நிவாரண மையக் கணக்கு மாவட்டவாரியாக வரும். வெள்ளத்தில் சிக்கிய வாக்காளர் எத்தனை பேர் என்று பார்க்க, இரண்டையும் இணைக்கும் பொதுக் குறியீடு வேணும்.

தமிழர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கு. தோட்டங்களுக்கும் டிவிஷன்களுக்கும் நம்ம தாத்தா பாட்டி வைத்த பெயர்கள் பல, வரைபடத்தில் கிடையாது. தரப்படுத்துவது என்றால் அவற்றை அழிப்பது அல்ல. வழக்குப் பெயரையும் அதே குறியீட்டின் கீழ் மாற்றுப் பெயராகப் பதியலாம். பதியாத வரை, 999-க்கு அழைக்கும்போது அந்தப் பெயரை மட்டும் சொன்னால் போதாது. பதிவேட்டில் உள்ள தோட்டப் பெயர், முக்கிம், பக்கத்து டவுன் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்க.