நிலத்தடி நீர் மாசும் நம்பிக்கை இடைவெளியும்

நம்பிக்கை இடைவெளி என்பது, கிணற்று நீரின் மாசு சட்ட வரம்பை மீறியதா என்பதைச் சில மாதிரிகளைக் கொண்டு முடிவுசெய்ய உதவும் புள்ளியியல் முறை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2009இல் வெளியிட்ட வழிகாட்டி இதைப் பரிந்துரைக்கிறது. அந்நாட்டில் குடிநீரில் ஆர்செனிக்குக்கான வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஒரு கிணற்றின் நான்கு மாதிரிகள் 8, 10, 12, 14 எனக் காட்டுவதாகக் கொள்வோம். சராசரி 11, வரம்பு மீறப்பட்டதாகவே தோன்றும். ஆனால் ஒவ்வொரு எல்லையையும் தனித்தனியே 95 விழுக்காட்டு நம்பிக்கையில் கணித்தால், உண்மைச் சராசரியின் கீழ் எல்லை ஏறத்தாழ 8, மேல் எல்லை 14. வரம்பு இரண்டுக்கும் நடுவே இருப்பதால், மீறல் உறுதியாகவில்லை, தூய்மையும் உறுதியாகவில்லை. சராசரியை மட்டும் நம்புவது தவறு என்பதற்கு இதுவே சான்று.

இம்முறை மாசுபடுத்துவோருக்குச் சாதகமாகாதா என்று கேட்கலாம். கண்காணிப்புக் கட்டத்தில் கீழ் எல்லை வரம்பைத் தாண்டினால்தான் மீறல் என்பதால், அந்த ஐயத்தில் நியாயம் உண்டு. ஆனால் தூய்மைப்பணி தொடங்கியபின் மெய்ப்பிக்கும் பொறுப்பு இடம் மாறுகிறது: மேல் எல்லையே வரம்புக்குக் கீழே இறங்க வேண்டும். மாதிரிகள் குறைந்தால் இடைவெளி அகலும். எனவே சோதனையில் சிக்கனம் பிடிப்பவரால் நீர் தூய்மையானது என எளிதில் நிறுவ முடியாது. கண்காணிப்புக் கட்டத்திலோ அதே சிக்கனம் மீறலை மறைத்துவிடக்கூடும். ஆகவே போதிய மாதிரிகளைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும். அந்த நீரைக் குடிப்பவர்களுக்கு அதுவே காப்பு.