₹1,489 டிக்கெட்டா, தீவுத்திடல் ராட்டினமா? சென்னை தீம் பார்க் போட்டியில் வடசென்னைக்கு என்ன இருக்கிறது?

எண்ணூரில் இருந்து முட்டுக்காடு வரை சென்னையின் கரையைத் தொடுவது ஒரே கடல்தான். ஆனால் அந்தக் கரையின் வடக்குப் பாதியில் துறைமுகம், அனல்மின் நிலையம், மீன்பிடித் துறைமுகம். தெற்குப் பாதியில் ரிசார்ட், படகுத்துறை, தீம் பார்க்.

2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் வண்டர்லா திறக்கப்பட்டதும், ஏற்கெனவே இருக்கும் பார்க்குகளுக்கும் புதுசாக வந்ததற்கும் நடுவே போட்டி சூடு பிடித்திருக்கிறது. விளம்பரம், ஆஃபர், ரீல்ஸ் என்று மோதல் பலமாகத்தான் நடக்கிறது. ஆனால் ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ இருக்கும் ஒரு குடும்பத்துக்கு இந்தப் போட்டியால் என்ன பயன்? எந்த பார்க் யாருக்கானது? இத்தனை பார்க் இருந்தும் வடசென்னைப் பக்கம் ஏன் ஒன்றுகூட வரவில்லை?

கடை முதலாளி, சினிமாக்காரர், துறைமுகத் தொழிலாளி

சென்னை பார்க்குகளை ஆரம்பித்தவர்கள் யாருமே ராட்டினத் தொழிலில் இருந்து வந்தவர்கள் இல்லை. அவர்கள் முதலில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று தெரிந்தால், பார்க் ஏன் இப்படி இருக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

ஈசிஆரில் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் விஜிபி, வீட்டு உபயோகப் பொருட்களைத் தவணைக்கு விற்ற வி.ஜி.பன்னீர்தாஸ் குடும்பத்துடையது. ரேடியோவும் கடிகாரமும் மாதத் தவணையில் வாங்கிய நடுத்தரக் குடும்பங்கள்தான் கடையின் வாடிக்கையாளர்கள். 1970களில் 'கோல்டன் பீச்' என்று தொடங்கிய இடத்துக்கு வந்ததும் அதே குடும்பங்கள்தான். ராட்டினத்தைவிட அங்கே பேர் வாங்கியது அசையாமல், சிரிக்காமல் நிற்கும் 'சிலை மனிதர்'. அவரைச் சிரிக்க வைத்துவிடலாம் என்று வந்து தோற்றுப் போனவர்கள் எத்தனையோ பேர். 2019-ல் அதே குழுமம் கடலடிச் சுரங்கப் பாதை போன்ற மீன் காட்சியகத்தையும் திறந்தது.

தாம்பரம் அருகே 1995-ல் வந்த கிஷ்கிந்தா சினிமாக்காரர் ஆரம்பித்தது. இந்தியாவின் முதல் 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' படத்தை 1984-ல் தயாரித்த நவோதயா அப்பச்சன்தான் அதன் நிறுவனர். 90களில் சென்னையில் படித்தவர்களுக்கு ஸ்கூல் டூர் என்றாலே கிஷ்கிந்தாவின் அலைக் குளம்தான் நினைவுக்கு வரும்.

முட்டுக்காட்டில் இருக்கும் எம்ஜிஎம் டிஸ்ஸி வேர்ல்டின் கதைக்கு வடசென்னையோடு நேரடித் தொடர்பு உண்டு. எம்ஜிஎம் குழுமத்தின் நிறுவனர் எம்.ஜி.முத்து, சென்னை துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். பிறகு சரக்குக் கையாளும் தொழில், அதிலிருந்து லாரி, ஓட்டல் என்று வளர்ந்தது அவரது குழுமம். துறைமுகத்தில் சம்பாதித்த பணம் பொழுதுபோக்குத் தொழிலுக்குப் போனபோது, அது போய் இறங்கிய இடம் ஈசிஆர். ராயபுரம் இல்லை.

பெங்களூரு நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கம் பக்கம் 2003-ல் குயின்ஸ்லேண்ட் வந்தது. கடைசியாக வந்த வண்டர்லாவும் வீட்டு உபயோகப் பொருள் குடும்பம்தான். ஸ்டெபிலைசர் விற்ற வி-கார்டு நிறுவனர் கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி 2000-ல் கொச்சியில் திறந்த 'வீகாலேண்ட்'தான் அதன் ஆரம்பம். 2005-ல் பெங்களூரு, 2016-ல் ஹைதராபாத், 2024-ல் புவனேஸ்வர் எல்லாம் முடிந்த பிறகுதான் சென்னை.

சென்னைக்கு ஏன் இவ்வளவு தாமதம்? முக்கியக் காரணம் வரி. ஜிஎஸ்டி வந்தபோது, 2017-ல் பொழுதுபோக்கு பார்க்குகளுக்கு 28% போடப்பட்டது. 2018 ஜனவரியில் அது 18% ஆகக் குறைந்தது. ஆனால் தமிழ்நாட்டில் அதற்கு மேல் உள்ளாட்சி கேளிக்கை வரியும் உண்டு. நிலத்தை வாங்கிப் போட்டுவிட்டு, இந்த வரிக்காக வேலையை நிறுத்தி வைத்திருந்தது வண்டர்லா. 10 ஆண்டுகளுக்கு விலக்கு தருவதாக அரசு சொன்ன பிறகுதான் கட்டுமானம் வேகம் பிடித்தது. செலவு சுமார் ₹611 கோடி, பரப்பு 60 ஏக்கருக்கு மேல், ரைடுகள் 43.

யாருக்கு எது?

அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் 1971-ல் வால்ட் டிஸ்னி வேர்ல்டு, 1990-ல் யுனிவர்சல் ஸ்டுடியோஸ். ஒரே ஊரில் முட்டி மோதிக்கொண்டும் இரண்டும் பிழைக்கக் காரணம், கூட்டத்தைப் பிரித்துக்கொண்டதுதான். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடுகள் டிஸ்னிக்கு. பதின்ம வயதுப் பிள்ளைகள் யுனிவர்சலுக்கு. 2025 மே மாதம் 'எபிக் யுனிவர்ஸ்' என்ற புது பார்க்கைத் திறந்து யுனிவர்சல் போட்டியை இன்னும் ஏற்றிவிட்டது.

சென்னையிலும் அதே பிரிவினை மெல்ல வருகிறது. வண்டர்லாவின் துருப்புச் சீட்டு 'தஞ்சோரா' ரோலர் கோஸ்டர். சுவிட்சர்லாந்தின் போலிகர் அண்ட் மேபிலார்ட் நிறுவனம் செய்தது. தண்டவாளம் தலைக்கு மேலே இருக்கும், உட்காருபவரின் கால் அந்தரத்தில் தொங்கும். இது கல்லூரிப் பிள்ளைகளுக்கும், ஆபீஸ் டீம் அவுட்டிங் வரும் ஓஎம்ஆர் ஐடி ஊழியர்களுக்குமான சமாச்சாரம். அந்த வயதுக்காரர்கள் இதுவரை பெங்களூருவுக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தைத்தான் வண்டர்லா முதலில் குறிவைக்கிறது.

தாத்தா, பாட்டி, கைக்குழந்தை என்று வண்டி நிறைய வரும் குடும்பத்துக்கு இது சரிப்படுமா? இங்கே டிக்கெட் விலையைவிட, விளம்பரத்தில் வராத சில விஷயங்கள் முக்கியம்.

ஒன்று, உயரம். பெரிய ரைடுகளில் வயதைக் கேட்க மாட்டார்கள், உயரத்தைத்தான் அளப்பார்கள். ஏழு வயதுப் பையன் ஆசையாக வரிசையில் நின்று, அளவுகோலுக்குக் கீழே நின்றதால் அழுதுகொண்டே திரும்புவது எல்லா பார்க்கிலும் தினமும் நடப்பது. அடுத்தது உடை. தண்ணீர் ரைடுகளில் நைலான் மாதிரியான நீச்சல் உடைதான் அனுமதி. புடவையோடு போகும் அம்மாவும் பாட்டியும் அங்கே பையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அப்புறம் சாப்பாடு. பெரிய பார்க்குகளில் பொதுவாக வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி கிடையாது. தூக்குவாளியில் புளிசாதம் கட்டிக்கொண்டு போகும் பழக்கம் உள்ள வீடுகளுக்கு இது தனிச் செலவு.

இதனால்தான் கடற்கரையோரம் இருக்கும் பழைய பார்க்குகளுக்கு இன்னும் கூட்டம் இருக்கிறது. ரைடு ஏறாதவர்களும் மணலில் உட்கார்ந்து காற்று வாங்கலாம். இள்ளலூரில் கடல் இல்லை.

பயம் ஒரு கணக்கு

பார்க்குகளின் போட்டியில் பேசப்படாத இன்னொரு விஷயம் பாதுகாப்பு. சென்னையில் ஒரு விபத்து ஒரு பார்க்கின் தலையெழுத்தையே மாற்றியிருக்கிறது. பூந்தமல்லி அருகே இருந்த ஈவிபி பார்க்கில் 2012-ல் 'ஆக்டோபஸ்' ராட்டினத்தில் இருந்து விழுந்து ஓர் இளம்பெண் உயிரிழந்தார். அந்த இடம் பிறகு ஃபிலிம் சிட்டியாக மாறியது. இன்று பிக் பாஸ் பார்ப்பவர்களுக்கு அந்தப் பெயர் வேறு காரணத்துக்காகத் தெரியும்.

கிஷ்கிந்தாவைச் சுற்றிய பகுதி 2015 வெள்ளத்தில் மூழ்கியது. அடுத்த ஆண்டே அங்கே புது ரைடு ஒன்றின் சோதனை ஓட்டத்தில் ஊழியர் ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தனர். பழைய மவுசு அதன் பிறகு திரும்பவே இல்லை. 2019-ல் குயின்ஸ்லேண்டில் ஒரு ரைடின் கம்பி அறுந்த வீடியோ வாட்ஸ்அப்பில் பரவியது. 2025 மே மாதம் விஜிபியில் 'டாப் கன்' ரைடு நடுவானில் நின்றுபோய், குழந்தைகள் உட்பட 36 பேர் மூன்று மணி நேரம் தவித்தார்கள். தீயணைப்புத் துறையின் ராட்சத ஏணிதான் அவர்களைக் கீழே இறக்கியது. யாருக்கும் உயிர்ச் சேதம் இல்லை.

வெளிநாட்டுத் தயாரிப்பு, புது இயந்திரம் என்று வண்டர்லா அழுத்திச் சொல்வதன் பின்னணி இதுதான். அதே சமயம் புதுசு என்பதாலேயே ஒரு ரைடு பாதுகாப்பானது ஆகிவிடாது. கிஷ்கிந்தாவில் விபத்துக்குள்ளானதும் புது ரைடுதான்.

வடசென்னையில் ஏன் வரவில்லை?

'ஏழைப் பகுதி, டிக்கெட் விற்காது' என்பது பலரும் சொல்லும் பதில். அது பாதி உண்மைகூட இல்லை. வடசென்னையில் நெருக்கமாக வாழும் மக்கள்தொகை பெரியது. காணும் பொங்கல் அன்று மெரினாவில் கூட்டம் அள்ளும்போது அதில் பெரிய பங்கு வடக்கில் இருந்து வருவது. வெளியே போகும் ஆசைக்கு இங்கே பஞ்சமே கிடையாது. இடத்துக்குத்தான் பஞ்சம்.

முதல் சிக்கலைத் தொடங்கி வைத்தது துறைமுகம். 1875-ல் சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் தொடங்கியது. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி நாட்கள் கடல் நீரோட்டம் மணலைத் தெற்கில் இருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிய சுவர் அந்த மணலை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே மணல் வராமல் ராயபுரத்தில் இருந்து எண்ணூர் வரை கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. மெரினாவை அகலமாக்கிய அதே சுவர்தான் திருவொற்றியூரின் மணலைப் பறித்தது. இன்று எண்ணூர் விரைவுச் சாலையில் போனால், கரையைக் காப்பாற்றக் கொட்டிய பாறைகள்தான் கண்ணில் படும். பாறை மேல் ரிசார்ட் கட்ட யார் வருவார்கள்?

அடுத்தது தொழிற்சாலை. மணலியில் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலைகள். எண்ணூரில் காமராஜர் துறைமுகமும் அனல்மின் நிலையங்களும். தீம் பார்க்குக்குத் தேவையான 50, 60 ஏக்கர் சேர்ந்தாற்போல் இங்கே கிடைத்தால், அதன் பக்கத்தில் சேமிப்புத் தொட்டியோ கண்டெய்னர் யார்டோ இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகத்தில் படகும் வலையும் கறுத்துப் போயின. அதே மாதம் 26-ம் தேதி இரவு, உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். அலைக் குளம் கட்ட நினைக்கும் முதலீட்டாளர் இதையெல்லாம் படிக்காமலா இருப்பார்? அதே இடத்தில் தினமும் தூங்கி எழுபவர்களுக்கு மட்டும் அந்தத் தேர்வு கிடையாது.

மூன்றாவது, சாலை. ஈசிஆரில் காரில் போவதே ஒரு பொழுதுபோக்கு. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளின் வரிசையில் மாட்டிக்கொள்வது பொழுதுபோக்கு இல்லை.

2023-ல் அரசு வடசென்னை வளர்ச்சித் திட்டத்தை ₹1,000 கோடியில் அறிவித்தது. பிறகு அந்தத் தொகை பல மடங்கு உயர்ந்தது. பேருந்து நிலையம், பள்ளிக் கட்டடம், விளையாட்டுத் திடல் இவற்றோடு காசிமேடு, திருவொற்றியூர் கடற்கரைகளை மேம்படுத்தும் திட்டமும் சிஎம்டிஏ கையில் உண்டு. தீம் பார்க் அந்த வரிசையில் இல்லை.

அப்போ எங்கே போகிறார்கள்?

வடசென்னையின் நிஜமான தீம் பார்க் தீவுத்திடல்தான். சுற்றுலா வளர்ச்சிக் கழகம் பொங்கலை ஒட்டி நடத்தும் பொருட்காட்சிக்கு ராயபுரத்தில் இருந்து ஒரு பஸ் பிடித்தால் போதும். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு அந்தச் செலவும் இல்லை. நுழைவுக் கட்டணம் குறைவு. ராட்டினத்துக்குத் தனிக்காசு. இந்தத் தனிக்காசு முறைதான் முக்கியமான வித்தியாசம். நாலு பேர் போனால் நாலு பேரும் எல்லாவற்றுக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. பிள்ளைகள் ராட்டினம் ஏறுவார்கள், பெரியவர்கள் கையில் டெல்லி அப்பளத்தோடு கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். புடவை கட்டியவர் ஓரமாக ஒதுங்க வேண்டிய அவசியமும் இல்லை.

வண்டர்லாவில் திறப்பின்போது அறிவிக்கப்பட்ட டிக்கெட் ₹1,489-ல் தொடங்கியது. நாலு பெரியவர்கள் போனால் டிக்கெட்டுக்கு மட்டும் ₹5,956. திருவொற்றியூரில் இருந்து போக மட்டும் 50 கிலோமீட்டருக்கு மேல், அதே தூரம் திரும்பி வர வேண்டும். மதியச் சாப்பாடு, லாக்கர், குழந்தைக்கு நீச்சல் உடை என்று சேர்த்தால் ஒரு நாள் செலவு எங்கேயோ போய்விடும். காசிமேட்டில் ஐஸ் உடைப்பவருக்கோ, துறைமுகத்தில் ஒப்பந்தத் தொழிலாளிக்கோ இது திட்டம் போட்டு, சீட்டுப் பணம் எடுத்துப் போகும் பயணம். மாணவர்களுக்கும் குழுவாக முன்பதிவு செய்பவர்களுக்கும் பார்க்குகள் தரும் தள்ளுபடியை முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் கணிசமாகக் குறையும். வார நாளில் போனால் வரிசையில் நிற்கும் நேரமும் குறையும்.

போக்குவரத்தில் ஒரு மாற்றம் வரப்போகிறது. 2021-ல் விம்கோ நகர் வரை வந்த மெட்ரோ, விமான நிலையத்தோடு நிற்கிறது. பார்க்குகள் இருக்கும் பக்கம் அது போகவில்லை. இரண்டாம் கட்டத்தில் மாதவரத்தில் இருந்து ஓஎம்ஆர் வழியாக சிறுசேரி சிப்காட் வரை ஒரு தடம் கட்டப்படுகிறது. அது ஓட ஆரம்பித்தால், வடசென்னையில் இருந்து ஓஎம்ஆருக்கு ஒரே ரயிலில் போகலாம். சிறுசேரியில் இறங்கி இள்ளலூர் போக மறுபடியும் ஒரு பஸ் ஏற வேண்டும்.